திரும்புவதற்குக் காரணம் வேண்டுமா?

ஸ்கூபா டைவிங்கில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘சூப்பர்’ என்று அர்த்தம் இல்லை. ‘போதும், மேலே போவோம்’ என்று அர்த்தம். எல்லாம் சரி என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். தியோமான் தீவில் முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கிய அன்று எனக்கு இது மறந்துபோனது. ஐந்து மீட்டர் ஆழத்தில் பயிற்சியாளர் ‘சரியா இருக்கியா?’ என்று சைகையில் கேட்டார். நான் உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்தினேன். அடுத்த நொடியே அவர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போய்விட்டார்.

படகில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் மலாயில் சொன்னதன் சாரம் இதுதான்: யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் ஒரு டைவை முடித்துக்கொள்ளலாம். விரல் உயர்ந்தால் எல்லாரும் மேலே போக வேண்டியதுதான். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. கரைக்கு வந்த பிறகும் கேட்கக்கூடாது.

அன்றைக்குக் கடல்நீரின் வெப்பம் 29 டிகிரி. கிட்டத்தட்ட குளியலறைத் தண்ணீர். அந்த விதி எனக்கு ஒரு நாகரிகமாகத்தான் தெரிந்தது. சாப்பிடும்போது ஏப்பம் விடக்கூடாது என்பதைப் போல. அது நாகரிகம் இல்லை, ஓர் அறம் என்று எனக்குப் புரிய இன்னும் நான்கு வருடங்களும் 6 டிகிரி தண்ணீரும் தேவைப்பட்டன.

முதுகலைப் படிப்புக்காக வட இங்கிலாந்துக்குப் போனபோது பெட்டியில் என் ரெகுலேட்டரையும் எடுத்துப் போனேன். ரெகுலேட்டர் என்பது உருளையிலிருக்கும் காற்றை நாம் மூச்சிழுக்கும் அளவுக்கு இறக்கித் தரும் கருவி. ஊரைவிட்டுப் போன ஒரு நண்பரிடம் பாதி விலைக்கு வாங்கியது. அந்த ஊரில் சுங்கை சிப்புட்காரர் ஒருவர் தாதியாக வேலை பார்த்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் டைவிங் பைத்தியம். உலர் உடை எனப்படும், உள்ளே தண்ணீர் புகாத உடுப்பைப் பழகிக்கொள்ள நீச்சல்குளத்துக்கு இரண்டு முறை கூட்டிப்போனார். பிறகு ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, மூன்று மணி நேரம் காரோட்டி, தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரிக்கு அழைத்துப் போனார். பெட்ரோலும் நுழைவுக்கட்டணமும் அவர் காசு. என்னைக் காசு எடுக்கவே விடவில்லை.

கரையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது என் ரெகுலேட்டரின் உலோகப் பகுதியைப் பார்த்தேன். அதில் ‘10 டிகிரிக்கு மேல்’ என்ற குறி பொறித்திருந்தது. புதிதாகப் பார்க்கவில்லை. வாங்கிய அன்றே பார்த்ததுதான். தியோமானில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இங்கே அர்த்தம் இருந்தது, அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. ஐரோப்பாவில் இந்தக் கருவிகளுக்கு ஈஎன் 250 என்றொரு தரநிர்ணயம் உண்டு. அதில் 10 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் ‘குளிர்நீர்’. குளிர்நீர்ச் சோதனையில் தேறாத கருவிக்குத்தான் அந்தக் குறியைப் போடுவார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

குளிரில் இந்தக் கருவிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உருளைக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டரின் முதல் கட்டம் அதைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் கட்டம், நாம் இழுக்கும்போது மட்டும் அதைத் திறந்துவிடுகிறது. இவ்வளவு அழுத்தத்திலிருந்து சட்டென விரியும் காற்று கடுமையாகக் குளிர்கிறது. வாசனைத் திரவிய டப்பாவை நீளமாக அடித்தால் டப்பா கையில் சில்லிடுமே, அதைப் போலப் பல மடங்கு. சுற்றியுள்ள தண்ணீர் ஏற்கெனவே 5, 6 டிகிரியில் இருந்தால் உலோகம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதை ஒட்டிய தண்ணீர் பனிக்கட்டியாகும். முதல் கட்டத்தின் அடைப்பானால் மூட முடியாமல் போகும். அல்லது நம் வெளிமூச்சின் ஈரம் இரண்டாம் கட்டத்தின் நெம்புகோலில் உறைந்து அதைப் பிடித்துக்கொள்ளும். காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும். குளிரக் குளிர இன்னும் உறையும்.

இதைத் தவிர்க்கும் வழிகளும் எளிமையானவைதான். குளிர்நீருக்கென்றே செய்த, நீர் உள்ளே புகாதபடி அடைத்த முதல் கட்டம். நீரில் இறங்கும்வரை கருவியை உலர்வாக வைத்திருப்பது. கரையில் நின்று அதில் மூச்சு விட்டுப் பார்க்காமல் இருப்பது. பொத்தானை அழுத்திக் காற்றைச் சோதிக்காமல் இருப்பது. மூச்சிழுத்துக்கொண்டே உடுப்புக்கும் காற்று ஏற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. முடிந்தால், தனித்தனியாக மூடக்கூடிய இரண்டு வால்வுகளில் இரண்டு முதல் கட்டங்கள். அண்டார்டிகாவின் மக்மெர்டோ நிலையத்தில் கடல்பனிக்கு அடியில், சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரியில் இறங்கும் ஆய்வாளர்கள் இப்படித்தான் இரண்டு ரெகுலேட்டர்களோடு போகிறார்கள். தலை தண்ணீருக்குள் போகும்வரை அதிலிருந்து மூச்செடுப்பதில்லை.

நான் தியோமான் பழக்கத்தில், ஒன்றிரண்டு டிகிரி காற்றில் நின்றுகொண்டு ஆறேழு முறை நன்றாக மூச்சு விட்டுச் சோதித்தேன். பொத்தானையும் இரண்டு தடவை அழுத்தினேன். தப்பு அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

16 மீட்டரில் உடுப்பு உடம்பை இறுக்கியது. காற்று ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். அதே நேரத்தில் ஆழமாக மூச்சும் இழுத்தேன். வாய்க்குள் ஒரு குழாய் உடைந்த மாதிரி இருந்தது. முகத்தைச் சுற்றிலும் வெள்ளைக் குமிழிகள். எதுவும் தெரியவில்லை. காதில் பேரிரைச்சல். 12 லிட்டர் உருளையில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுக்கும் ஒருவருக்கு 16 மீட்டரில் அது கணக்குப்படி முக்கால் மணி நேரம் வரும். இப்படிக் கொட்டினால் சில நிமிடங்கள்தான்.

கொட்டுகிற காற்றிலிருந்தே ஓரமாக உறிஞ்சி மூச்சு விடலாம் என்று பயிற்சியில் கற்றிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. ஒரு கை வந்து என் தோள்பட்டியைப் பிடித்தது. இன்னொரு ரெகுலேட்டர் என் வாயருகே வந்தது. அண்ணன் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் தலைக்குப் பின்னாலிருந்த உருளை வால்வை மூடினார். இரைச்சல் நின்றது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. என்னால் அதை மூடியிருக்கவே முடியாது. அவர் காற்றை இருவரும் மூச்சிழுத்தபடி மேலே வந்தோம்.

காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

“தம்பி, அது சூட்டுத் தண்ணிக்கு உள்ளதாம். தெரியுமா உனக்கு?”

“தெரியாதுண்ணே.”

“சரி, விடு.”

இந்தக் கட்டுரை அந்த ‘தெரியாதுண்ணே’வைப் பற்றியதுதான்.

ரொம்ப நாள் என்னை நானே இப்படிச் சமாதானப்படுத்தினேன்: ஆபத்து எனக்குத்தானே வந்தது? என் உயிரை நான் பணயம் வைத்தேன், அது என் உரிமை. மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறவனும் மலையேறுகிறவனும் இதையேதான் சொல்கிறார்கள். முழுக்கத் தவறான வாதமும் இல்லை அது. வளர்ந்த ஒருவர் தன் உடம்பை வைத்து என்ன செய்கிறார் என்பதில் மற்றவர்கள் மூக்கை நுழைக்காமல் இருப்பது நல்லதுதான்.

ஆனால் இணையோடு இறங்கும் டைவில் ‘என் காற்று’ என்று ஒன்று கிடையாது. என் உருளையில் இருப்பது அவருடைய அவசரக் கையிருப்பு. அவருடையதில் இருப்பது என்னுடையது. இன்னொன்றும் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே முதல் கட்டத்திலிருந்து இரண்டு பேர் மூச்சிழுத்தால் அதன் வழியே ஓடும் காற்று இரட்டிப்பாகும். பயந்தவன் வேகமாக மூச்சிழுப்பான் என்பதால் இரட்டிப்புக்கும் மேலே. குளிரும் அதேபோலக் கூடும். காப்பாற்ற வந்தவரின் கருவியும் உறைந்துபோகலாம். இருவரும் சேர்ந்து இழுத்தாலும் தாங்குமா என்று தனியாகவே சோதிக்கிறார்கள். தேறினால் 250ஏ என்று குறி போடுகிறார்கள். அண்ணனின் கருவி நல்ல கருவி. அதனால் இரண்டு பேரும் கரைக்கு வந்தோம். நான் என் உயிரைப் பணயம் வைக்கவில்லை. அவரிடம் கேட்காமல் அவருடையதை வைத்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு மனதில் ஓடியது எல்லாம் நினைவிருக்கிறது. அவர் காசு செலவழித்திருக்கிறார். விடிவதற்கு முன்னே எழுந்து எனக்கும் சேர்த்துப் பசியாற கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெரியவர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ‘எனக்கு வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட்டால்?

வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுள்ளவர் செயல் என்று சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். அன்றைக்கு எனக்கு அந்த அறிவு இல்லாமல் இல்லை. எதற்கு அஞ்ச வேண்டும் என்று நன்றாகவே தெரிந்தது, அஞ்சவும் செய்தேன். வயிற்றைக் கலக்கியது. அந்த அச்சத்தை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை. அஞ்சுவது ஒரு காரியம், அஞ்சுகிறேன் என்று சொல்வது வேறு காரியம். இரண்டாவதைச் செய்ய நாலு பேர் சூழ்ந்திருக்கும் ஓர் இடம் அதை அனுமதிக்க வேண்டியிருக்கிறது. டைவிங் விதி அதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். கரைக்கு வந்த பிறகும் கேட்கக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்? கரையில் விசாரணை உண்டு என்று தெரிந்தால், தண்ணீருக்கடியிலேயே ஒருவன் மனதில் பதிலைத் தயாரிக்கத் தொடங்குவான். பதில் சரியாக வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் தாங்கிப் பார்ப்போம் என்று இருந்துவிடுவான். குளிரில் மூளையும் மந்தமாகத்தான் ஓடும். வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு விளக்கம் சொல்லவும் முடியாது. அந்த ஒரு நிமிடம் விலை அதிகமானது.

ஆக, விதியைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. இறங்குவதற்கு முன் ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்த்து, காற்று எவ்வளவு, எவ்வளவு ஆழம், எப்போது திரும்புவது என்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இறங்குவதற்குக் காரணம் வேண்டும், கணக்கு வேண்டும், சாட்சி வேண்டும். திரும்புவதற்கு ஒன்றும் வேண்டாம். ஒரு விரல் போதும்.

நம் வாழ்க்கையில் இது தலைகீழாக இருக்கிறது. பொறியியல் படிக்கப் போகிறேன் என்கிற பிள்ளையிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டில் நிறுத்திக்கொள்கிறேன் என்றால் குடும்பமே உட்கார்ந்து விசாரிக்கிறது. கல்யாணத்துக்குச் சம்மதம் என்றால் காரணம் தேவையில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வேண்டாம் என்றால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆண்ட்டி வரைக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல காரணமானாலும் போதாது. போய்க்கொண்டிருப்பது இயல்பு, திரும்புவது குற்றம் என்று எங்கோ முடிவாகியிருக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கேள்வியே இல்லாமல் திரும்பலாம் என்றால் எவன் எதை முடிப்பான்? கஷ்டம் வந்ததும் விரலைக் காட்டிவிடலாமே? என் அப்பா கேட்டால் இதைத்தான் சொல்வார். பிடிவாதமாகத் திரும்பாமல் இருந்தவர் அவர். அவர் திரும்பாததால்தான் நான் படித்தேன். அதை மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. கைக்குழந்தையை வைத்திருப்பவர் ‘போதும்’ என்று எழுந்து போக முடியாது என்பதும் உண்மை.

அதனால் அந்த விதியை எல்லா இடத்துக்கும் நீட்டச் சொல்லவில்லை. அதில் ஒரு நிபந்தனை உள்ளேயே இருக்கிறது. விரலைக் காட்டியவன் தனியாகப் போவதில்லை, இணையும் கூடவே போகிறார். யாரும் கீழே விடப்படுவதில்லை. அதிகபட்ச இழப்பு, மற்றவருக்கு ஒரு நாள், கொஞ்சம் காசு. திரும்புவதால் இன்னொருவர் மூழ்கிப்போவார் என்றால் அது வேறு கணக்கு. அங்கே காரணம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம்மைக் காரணம் கேட்டுக் குடையும் இடங்களில் எத்தனை இடத்தில் உண்மையிலேயே யாராவது மூழ்குகிறார்கள்? பெரும்பாலும் இழப்பு ஒரு நாள்தான், கொஞ்சம் காசுதான், கொஞ்சம் கௌரவம்தான்.

ரெகுலேட்டரைப் பற்றி இன்னொரு செய்தி. 1943 ஜனவரியில், ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, எமில் காஞ்ஞான் என்ற பொறியாளர் செய்த கருவியின் முதல் வடிவத்தோடு பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் இறங்கினார். போரினால் பெட்ரோல் இல்லாத காலம். கார் எஞ்சினுக்கு எரிவாயு செலுத்த காஞ்ஞான் வடிவமைத்த வால்வுதான் அதற்கு அடிப்படை. படுத்த நிலையில் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சிழுக்கக் கஷ்டமாக இருந்தது. வெளிமூச்சு போகும் வழி தவறான உயரத்தில் இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். கரைக்கு வந்து ‘எல்லாம் சரியாக இருந்தது’ என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்றைய ரெகுலேட்டர்களில் ஒரு குணம் உண்டு. பழுதானால் பெரும்பாலும் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படிதான் இரண்டாம் கட்டத்தை வடிவமைக்கிறார்கள். எனக்கு அன்று நடந்ததும் அதுதான். பயங்கரமாக இருந்தாலும், கருவி தன் பழுதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டது. அண்ணன் திரும்பிப் பார்த்ததே அந்த இரைச்சலால்தான். நானோ காலையிலிருந்தே சத்தமில்லாமல் பழுதாகியிருந்தேன்.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு குவாரில, அந்தக் குறி எனக்குத் தெரியும்ணே. தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் கத்தியை வைக்கவில்லை.

“எனக்கும் தெரியும்டா. காலையில உனக்கு மாட்டி விடறப்பவே பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏண்ணே சொல்லல?”

“முதல் தடவை வர்ற. மூஞ்ச பார்த்தா அவ்வளவு ஆசையா இருந்துச்சு. எப்படிடா திரும்பிப் போவோம்னு சொல்றது? ஆழமா போகாம பார்த்துக்கலாம்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ரொம்ப நாள் தூக்கம் வரல தம்பி,” என்றார்.

அவர் மனம் நோகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒருவரையொருவர் மதிக்கும் இரண்டு பேர், ஒரே குறியைப் பார்த்துவிட்டு, பேசாமல் 6 டிகிரி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறோம். இதை மரியாதை என்றுதான் வளர்ந்திருக்கிறோம். அதை முழுக்க விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. அவர் என் ஆசை முகத்தைப் பார்த்ததும் அன்புதானே. ஆனால் அந்த அன்புக்கு ஒரு சைகை தேவைப்பட்டது. யார் முதலில் காட்டினாலும் மற்றவர் கேள்வி கேட்காமல் காரில் ஏறியிருக்கக்கூடிய ஒரு சைகை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். தண்ணீருக்கடியில்தான் அது செல்லும் என்று நினைத்துவிட்டோம்.

போன வருடம் மெர்சிங்கிலிருந்து படகேறித் தியோமானுக்குப் போயிருந்தேன். கல்லூரி மாணவன் ஒருவனை எனக்கு இணையாகச் சேர்த்துவிட்டார்கள். இறங்குவதற்கு முன் அவனிடம் அந்த விதியைச் சொன்னேன். தண்ணீர் வெதுவெதுப்பாக, கண்ணாடி மாதிரி இருந்தது. நான்காவது நிமிடம் கட்டைவிரலை உயர்த்தினான். கருவியில் ஒன்றுமில்லை, காற்று நிறைய இருந்தது, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு டைவுக்கு எத்தனை ரிங்கிட் என்று உடனே மனக்கணக்கு ஓடியது. நானும் விரலை உயர்த்தினேன். மேலே வந்தோம்.

படகில் துவாலையைப் போர்த்திக்கொண்டு அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தான் போல. ஏன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. “மைலோ குடிக்கிறியா தம்பி?” என்று கேட்டேன்.